எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்கள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவி அவர்களே, செயற்குழுவினரே, தோழியரே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு உறுப்பினர்களுடன் துணைக்குப் போவதுதான் இவ்வாண்டு நமக்குப் பெரிய வேலையாக இருந்தது. அதையே விரிவாகச் சொல்கிறேன்.

"மாத்திரையை விடாம போடுறேன், வைரல் லோடும், அதான் ரத்தத்துல வைரஸ் அளவும், இல்லைன்னுட்டாங்க. அப்புறம் எதுக்குக்கா இந்த டெஸ்ட்?" என்று பலரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஏ.ஆர்.டி. மாத்திரை எச்.ஐ.வி.யை அடக்கும், கருப்பை வாய்ச் செல்களை மாற்றும் எச்.பி.வி. வேறு வைரஸ். மாத்திரையால் எதிர்ப்புச் சக்தி ஏறும்போது ஆபத்து குறையும், அற்றுப்போகாது. மற்றப் பெண்களைவிட நமக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 6 மடங்கு. செல் மாற்றம் சாதாரணமாக 15 முதல் 20 ஆண்டுகளில் புற்றுநோயாக முற்றுவது, சிகிச்சை இல்லாமல் எதிர்ப்புச் சக்தி தளர்ந்தவர்களிடம் 5 முதல் 10 ஆண்டுகளிலேயே முற்றிவிடலாம். அதனால்தான் பொதுவாக 30 வயதில் தொடங்கும் பரிசோதனையை நமக்கு 25 வயதிலேயே தொடங்கி, 3 முதல் 5 ஆண்டுக்கொருமுறை செய்யும்படி உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. புற்றுநோய்க்கு முந்தைய மாற்ற நிலையில் பொதுவாக வலியோ இரத்தக்கசிவோ இருக்காது. தொந்தரவு வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னோம்.

எச்.பி.வி. சோதனைக்குப் பஞ்சுக் குச்சியால் மாதிரியைத் தாங்களே எடுத்துக் கொடுக்கலாம் என்று தெரிந்ததும் கூச்சம் பாதி போயிற்று. 'பாசிட்டிவ்' என்று வந்ததும் சிலர் அழுதார்கள். அந்தச் சொல்லை ஏற்கெனவே ஒருமுறை கேட்டவர்கள் அல்லவா! வைரஸ் இருப்பது வேறு, புற்றுநோய் வேறு என்று விளக்கி, அடுத்த சோதனைக்கு அழைத்துப் போனோம். செவிலியர் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சால் ஒற்றி ஒரு நிமிடம் விட்டுப் பார்ப்பார். மாறிய இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். சிறிய திட்டை அங்கேயே சூட்டுக் கருவியால் அகற்றிவிடலாம். உள்ளே பரவியிருந்தால் மின்கம்பி வளையத்தால் வெட்டி எடுப்பார்கள்.

இதில் சிகிச்சையைவிடச் சிரமமாக இருந்தது அதற்குப் பிந்தைய ஒரு மாதம். புண் ஆறும்வரை உறவைத் தவிர்க்க வேண்டும், முடியாதபோது ஆணுறை கட்டாயம். "அவர்கிட்ட என்ன காரணம் சொல்றது?" என்றார் ஒரு தோழி. கணவரையும் அழைத்து மருத்துவரே பேசியது பலன் தந்தது. சொல்ல முடியாத வீடுகளும் உண்டு. அதற்கு நம்மிடம் இன்னும் வழியில்லை.

நம் பதிவேட்டில் இருக்கும் ஓட்டை வேறிடத்தில். முதல் சோதனைக்குக் கூட்டமாக வந்தவர்கள், சிகிச்சை முடிந்து 12 மாதம் கழித்துச் செய்ய வேண்டிய மறுசோதனைக்கு வருவதில்லை. நமக்கு மாற்றம் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் இதை லேசாக விட முடியாது. எனவே மறுசோதனைத் தேதியை ஏ.ஆர்.டி. அட்டையிலேயே குறித்து, மாத்திரை வாங்க வரும் நாளில் நினைவூட்ட ஒரு குழு அமைக்கச் செயற்குழு முன்மொழிகிறது. எச்.ஐ.வி.யுடன் வாழும் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி குறைந்தது 2 தவணை, முடிந்தால் 3 தவணை கிடைக்கிறதா என்று பார்ப்பதும் அக்குழுவின் பொறுப்பு.

துணைக்கு வந்த தோழியருக்கு நன்றி கூறி, அறிக்கையையும் முன்மொழிவையும் அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்