மூன்று படியும் மூன்றாவது கேள்வியும்

அஸ்தம்பட்டி, சேலம்

அன்பு நண்பா,

ஸ்தோத்திரம். கடிதம் கிடைத்தது. மறுபடியும் சபைக் கமிட்டியில் உன்னை உட்கார வைத்துவிட்டார்களாமே! சந்தோஷம்தான், கொஞ்சம் பாவமாகவும் இருக்கிறது. யார் வந்தாலும் அந்நியமாகத் தெரியாதபடி உங்கள் ஏற்காட்டுச் சபைக் கோயிலை மாற்ற என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய்.

முதலில் வாசல். அங்கே மூன்று படி இருக்கிறதே, சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம் கட்ட வேண்டும். படி ஒன்று 6 அங்குலம் என்றால் 3 படிக்கு 18 அங்குலம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது கணக்கு, ஆகவே சாய்தளம் 18 அடி வேண்டும். மேஸ்திரி "6 அடி போதும் சார்" என்பார், விடாதே. அந்தச் சரிவில் ஏறும்போது சக்கர நாற்காலி பின்பக்கம் சாயும், இறங்கும்போது பிடித்திருப்பவரையும் இழுத்துக்கொண்டு போகும். இடம் பற்றாவிட்டால் மடக்கிக் கட்டுங்கள். திரும்பும் இடத்தில் 5 அடிக்கு 5 அடி சமதளம் விடவேண்டும். அகலம் 4 அடி, இரண்டு பக்கமும் 3 அடி உயரத்தில் கைப்பிடி. டைல்ஸ் மட்டும் வேண்டாம். ஏற்காட்டுப் பனிக்குப் பாசி பிடித்து வழுக்கிவிடும். சிமெண்ட் இறுகும் முன் துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்துவிட்டால் கால் பிடிக்கும்.

உள்ளே நடு வரிசையில் ஒரு பெஞ்சை 3 அடி குறைத்துவிடு. நாற்காலியில் வருபவரைத் தனியாக ஓரத்தில் நிறுத்தாமல் குடும்பத்தோடு உட்கார வைக்கலாம். பாட்டும் ஆராதனை முறையும் பெரிய எழுத்தில் (18 பாயிண்ட்) அச்சடித்துப் பத்துப் பிரதி போதும். பக்க எண்ணைச் சொல்லிவிட்டு, பாட்டைத் தொடங்க ஒரு மூச்சு நேரம் கொடுக்கச் சொல்.

சிமெண்டால் சரியாகாத சங்கதி ஒன்று உண்டு. புதிதாக வந்தவரிடம் நம் ஆட்கள் கேட்கும் கேள்வி வரிசை உனக்கே தெரியும். "பேரு என்ன?", "சொந்த ஊர் எது?", பிறகு "அங்கே எந்தத் தெரு?" அந்த மூன்றாவது கேள்வி எதற்கு என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். யாக்கோபு நிருபம் 2ஆம் அதிகாரத்தில் பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடம், ஏழைக்குக் காலடி என்று வருகிறதே, அது நம் ஊரில் தெருப் பெயராக வருகிறது. வாசலில் நிற்பவர்களுக்கு ஒரே பயிற்சி கொடு: பேரைக் கேள், பஸ் எத்தனை மணிக்கு என்று கேள், அதோடு நிறுத்து. வாசலில் நிற்பவர்களையே ஒரே குடும்பத்திலிருந்து எடுக்காதே.

"புதியவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்பதையும் விட்டுவிடுங்கள். கூச்சக்காரர் அடுத்த வாரம் வரமாட்டார். எஸ்டேட் வேலைக்கு வந்த வடநாட்டுக்காரர்கள் இருந்தால், ஒரு வேதபாடத்தை அவர்களில் ஒருவர் இந்தியில் வாசிக்கட்டும். இரண்டு நிமிடம்தான் ஆகும்.

ஆசீர்வாதம் முடிந்ததும் கமிட்டிக்காரர்கள் காணிக்கை எண்ணக் கூடிவிடுவீர்கள். புதியவர் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவுவது அந்த ஐந்து நிமிடத்தில்தான். அன்று எண்ணும் பொறுப்பு இல்லாத இரண்டு பேரை வாசலில் நிறுத்து.

சாய்தளத்துக்கு நூல் பிடிக்கும் அன்று சொல், அளவு நாடாவோடு மேலே வருகிறேன்.

உன் தோழன்