பின்னால் திரும்பி நிற்கும் அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள்: ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களுக்கும் மேடை அமைப்புப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

நடந்தது உங்களுக்குத் தெரியும், விவரமாகச் சொல்லத் தேவையில்லை. சவுண்ட் செக் முடிந்து ஒலிக் குழு சாப்பிடப் போன நேரத்தில், வலப்பக்க சப் (தாழ்ந்த ஒலியான பேஸை மட்டும் தரும் ஸ்பீக்கர் பெட்டி) அடுக்கின் மேல்பெட்டியை நான்கு பேர் சேர்ந்து தூக்கித் திருப்பி, முகப்பு வலையான கிரில் கூட்டத்தைப் பார்க்கும்படி வைத்துவிட்டார்கள். ‘ஸ்பீக்கர் மேடையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதே, கனெக்டர் பலகை கேமராவில் தெரிகிறதே’ என்ற நல்லெண்ணம்தான் காரணம். நிகழ்ச்சியில் முன்வரிசைக்கு பேஸ் வரவில்லை, மேடையில் மைக் எல்லாம் உறுமியது. பழி ஒலிக் குழுவின் தலையில் விழுந்தது. இது முதல் தடவையும் அல்ல என்பதால்தான் இந்த மடல்.

கேட்பது இரண்டே விஷயம். பின்னால் திரும்பியிருக்கும் சப்பை யாரும் தொடக்கூடாது. அதன் பின்னாலும் பக்கங்களிலும் நாங்கள் கேட்கும் இடத்தை விட வேண்டும்.

அந்தப் பெட்டி தவறுதலாகத் திரும்பி நிற்கவில்லை. காற்றில் ஒலியின் வேகம் 20 டிகிரி வெப்பத்தில் விநாடிக்கு 343 மீட்டர். 60 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 5.7 மீட்டர், 40 ஹெர்ட்ஸுக்கு 8.6 மீட்டர். முக்கால் மீட்டர் ஆழமுள்ள பெட்டி இவ்வளவு நீள அலைக்கு ஒரு தடையே அல்ல. ஒலி பெட்டியை வளைத்துக்கொண்டு எல்லாப் பக்கமும் போகும். கிரில் எந்தப் பக்கம் பார்த்தாலும் சாதாரண சப் ஒன்று பார்வையாளருக்குக் கொடுக்கும் பேஸை ஏறக்குறைய அப்படியே மேடைக்கும் கொடுக்கிறது, மேடைக்குப் பின்னால் இருக்கும் வீடுகளுக்கும் கொடுக்கிறது.

இதைத் தடுக்கத்தான் கார்டியாய்டு அமைப்பு. மூன்று பெட்டி அடுக்கில் இரண்டு முன்னால் பார்க்கும், ஒன்று பின்னால் பார்க்கும். பின்பெட்டிக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) சேனல். அதில் போலாரிட்டியை, அதாவது அழுத்தத்தின் திசையை, தலைகீழாக்கி, டிலே (சிறு தாமதம்) கொடுக்கிறோம். முன்பெட்டிகளின் ஒலி அடுக்கைச் சுற்றி வளைந்து பின்னால் வரும் அதே நொடியில் பின்பெட்டியின் ஒலியும் அங்கே புறப்படுகிறது, ஆனால் எதிர்த்திசை அழுத்தத்தில். இரண்டும் ஒன்றையொன்று அடித்து அழித்துக்கொள்கின்றன. பின்னால் 10 முதல் 15 டெசிபல் வரை பேஸ் குறையும். இரண்டுக்கு ஒன்று எப்படிப் போதும் என்று கேட்கலாம். முன்பெட்டிகளின் ஒலி வளைந்து வரும் வழியில் கொஞ்சம் தேய்கிறது, பின்பெட்டியோ அந்தப் பக்கத்தை நேராகப் பார்க்கிறது. மிச்ச வித்தியாசத்தை ஆம்ப்பின் கெயினில் (பெருக்கும் அளவில்) சரிசெய்கிறோம்.

முன்னால் என்ன நடக்கிறது? பின்பெட்டியின் ஒலி முன்னுக்கு வரும்போது டிலேயும் பயணத் தூரமும் சேர்ந்து தாமதப்படுகிறது. அந்தத் தாமதமும் தலைகீழ் போலாரிட்டியும் சேர்ந்து அதை முன்பெட்டிகளோடு ஓரளவு கைகோக்க வைக்கின்றன. ஓரளவுதான். மூன்று பெட்டிக்கு வாடகை கொடுத்து, மிகத் தாழ்ந்த அதிர்வெண்களில் இரண்டு பெட்டியின் பலம்தான் கிடைக்கும். 80 ஹெர்ட்ஸ் பக்கம் போனால் மூன்றை நெருங்கும். இதை மறைப்பதற்கில்லை. பின்பக்க அமைதிக்குக் கொடுக்கும் விலை அது.

இப்போது அந்தப் பெட்டியைத் திருப்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஆம்ப்பில் போலாரிட்டி தலைகீழாகவே இருக்கிறது, 2.5 மில்லிசெகண்ட் டிலேயும் இருக்கிறது. ஆனால் பெட்டி முன்னால் பார்க்கிறது. இப்போது அது முன்பெட்டிகளுக்கு எதிராக முன்பக்கத்திலேயே வேலை செய்கிறது. கணக்குப் போட்டால் 40 ஹெர்ட்ஸிலும் 50 ஹெர்ட்ஸிலும் மூன்று பெட்டிகள் சேர்ந்து கொடுப்பது ஒன்றரைப் பெட்டியின் ஒலியைக்கூடத் தொடாது. பின்பக்கத்தில் பேஸை அடித்து அழிக்க ஆளில்லை, அதனால் மேடையில் பேஸ் கூடுகிறது. கூட்டத்துக்கு எடுத்து மேடைக்குக் கொடுத்த கதை. அன்றைக்கு நடந்தது துல்லியமாக இதுதான்.

திருப்புகிறவர்கள் மேல் முழுக்கக் குறை சொல்வதற்கில்லை. பின்பெட்டிக்கு ஒரு மீட்டர் பக்கத்தில் போய் நின்றால் காது அடைக்கும். ‘இது மேடையை நோக்கி இவ்வளவு அடிக்கிறதே, இதுதான் பிரச்சனை’ என்று தோன்றுவது இயல்பு. நெருக்கத்தில் அந்த ஒரு பெட்டியின் ஒலிதான் ஆதிக்கம். முன்பெட்டிகளின் ஒலியும் சமமாக வந்து சேரச் சில மீட்டர்கள் வேண்டும். ஐந்து, ஆறு மீட்டர் தள்ளி நின்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

நம்பாதவர்களுக்கு இரண்டு நிமிடச் சோதனை ஒன்று உண்டு. சப்புகளில் மட்டும் பிங்க் நாய்ஸ் (சோதனைக்கான இரைச்சல்) ஓடட்டும். அடுக்குக்கு நேர் பின்னால் ஐந்து மீட்டரில் நில்லுங்கள். பின்பெட்டியை மட்டும் ம்யூட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் பேஸ் குறையாது, கூடும். ஒரு ஸ்பீக்கரை அணைத்ததும் சத்தம் கூடுவதைக் காதால் கேட்ட பிறகு அந்தப் பெட்டியைத் திருப்ப யாருக்கும் கை வராது. ம்யூட் செய்தும் பேஸ் கூடவில்லை என்றால் அமைப்பில் எங்கோ கோளாறு. அதைக் கண்டுபிடிப்பது எங்கள் பொறுப்பு, அதற்கும் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

கோளாறுகள் என்று சொன்னால் பட்டியல் நீளும். முக்கியமானது லிங்க். ஆம்ப்பிலிருந்து பெட்டிக்குப் போகும் ஸ்பீக்கான் கேபிள் ஒன்றை மிச்சப்படுத்த, முன்பெட்டியிலிருந்து பின்பெட்டிக்கு லிங்க் போட்டுவிடுவார்கள். இரண்டுக்கும் ஒரே சிக்னல் போனால் தனி டிலேயும் இல்லை, தனி போலாரிட்டியும் இல்லை, கார்டியாய்டும் இல்லை. இதைவிட மோசம் சேனல் மாறுவது. முன்னும் பின்னுமாக ஒரே திசை பார்த்து நிற்கும் இரண்டு பெட்டி அமைப்பில் இரண்டு கேபிள்களும் ஆம்ப்பில் இடம் மாறினால் முழு அமைப்பும் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பிவிடும். பேஸ் மேடைக்குப் போகும், கூட்டத்துக்கு ஒன்றும் வராது. ஆகவேதான் கேபிளில் ‘முன்’, ‘பின்’ என்று டேப் ஒட்டியிருப்போம். அழகாக இல்லை என்று அதைப் பிய்த்து எறியாதீர்கள்.

துல்லியம் எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. எதிரெதிராக மோதும் இரண்டு ஒலிகளும் லெவலில் 1 டெசிபல் மட்டுமே வேறுபட்டால் ஏறக்குறைய 19 டெசிபல் வரை குறைக்கலாம். 3 டெசிபல் வேறுபட்டால் ஏறக்குறைய 11 டெசிபல்தான். 6 டெசிபல் வேறுபட்டால் வெறும் 6. நேரத்திலும் அப்படியே. 63 ஹெர்ட்ஸில் ஒரே ஒரு மில்லிசெகண்ட் தவறினால், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும், கிடைப்பது 8 டெசிபல். அதனால்தான் ‘ஒரு பெட்டி குறைகிறது, வேறு கம்பெனிப் பெட்டி இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும்போது மறுக்கிறோம். போர்ட் (பெட்டியின் காற்றுத் துளை) ட்யூனிங் வேறு, ஆம்ப் வேறு, ப்ராசஸரின் உள்தாமதம் வேறு. திமிருக்காக மறுப்பதில்லை.

வெப்பநிலை மாறினால் டிலே கெட்டுவிடாதா என்று சிலர் கேட்பதுண்டு. முன்னும் பின்னுமாக நிற்கும் இரண்டு பெட்டி அமைப்பில் 1.36 மீட்டர் இடைவெளிக்கு 20 டிகிரியில் டிலே 3.97 மில்லிசெகண்ட். 35 டிகிரியில் 3.86. இந்த வித்தியாசத்தால் ஒன்றும் ஆகாது. கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில்.

இடத்தைப் பற்றித்தான். கார்டியாய்டு அடுக்கின் பின்பக்கம் மேடை நிர்வாகத்தின் கண்ணுக்குக் காலி இடமாகத் தெரிகிறது. மதியம் நாங்கள் விட்ட இடைவெளியில் மாலைக்குள் காலி ஃப்ளைட் கேஸ்கள் (கருவிகள் கொண்டுவரும் பெட்டிகள்) ஏறிவிடுகின்றன. முதலில் ஒன்று, பிறகு அதன் மேல் ஒன்று. கடைசியில் ஒரு கேஸ் கிரில்லோடு ஒட்டி நிற்கும். ரிஃப்ளெக்ஸ் வகைப் பெட்டியில், அதாவது போர்ட் வைத்த பெட்டியில், அந்தப் போர்ட் வழியாகத்தான் தாழ்ந்த ஒலியின் பெரும்பகுதி வெளியே வருகிறது. அதன் வாயை அடைத்தால் ட்யூனிங் மாறும், ஃபேஸ் (அலைகள் பொருந்தும் நிலை) மாறும், லெவல் மாறும். நாங்கள் டெசிபல் கணக்கில் பொருத்தி வைத்ததெல்லாம் ஒரு காலி கேஸில் போய்விடும். எல்இடி சுவரைப் பின்பெட்டிக்கு அரை மீட்டரில் நிறுத்துவதும் இதே வகை. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி யாரும் டிலே கொடுக்காத இன்னொரு சப்பாக முன்னால் வந்து கலக்கிறது. சப்பை மேடைக்கு அடியில் தள்ளி, முன்னால் பலகை அடித்து மூடுவதைப் பற்றி எழுதவே வேண்டாம் என்று நினைத்தோம், ஆனால் அதுவும் நடக்கிறது. பொந்துக்குள் வைத்த பெட்டிக்கு கார்டியாய்டு என்ற பேச்சே கிடையாது.

மெல்லிய துணித் திரை பரவாயில்லை, பேஸுக்கு அது இருப்பதே தெரியாது. கிரில்லில் இறுக்கிக் கட்டிய ஃப்ளெக்ஸ் பேனர் வேண்டாம். பலகை, தகரம், திரைச் சுவர் வேண்டவே வேண்டாம். பின்பெட்டியின் பின்னால் ஒரு மீட்டர், பக்கங்களில் 60 சென்டிமீட்டர். இவ்வளவுதான் கேட்கிறோம். திரை இன்னும் இரண்டு மீட்டர் அகலம் வேண்டுமென்றால் மேடையே நீள்கிறது. விருந்தினர் சோபாவுக்கு ஒரு வரிசை வேண்டுமென்றால் தடுப்புக் கம்பியே பின்வாங்குகிறது. சப்புக்கு ஒரு மீட்டர் என்றால் மட்டும் உலகத்தில் இடமே இல்லை.

தடுப்புக் கம்பி என்றதும் நினைவுக்கு வருகிறது. ஆழம் கிடைக்கும் இடத்தில் எண்ட்-ஃபயர் என்ற அமைப்பும் போடலாம். நான்கு பெட்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக, எல்லாம் முன்னால் பார்த்தபடி, கடைசிப் பெட்டிக்கு டிலே இல்லாமல், முன்னே வர வர டிலே கூடிக்கொண்டே போகும். முன்பக்கம் எல்லாம் ஒரே நேரத்தில் சேர்வதால் அங்கே இழப்பே இல்லை. ஒரு மீட்டர் இடைவெளியில் வைத்தால் பெட்டிகளின் ஆழத்தோடு நான்கு மீட்டருக்குப் பக்கத்தில் வரும். நீங்கள் கொடுப்பது பெரும்பாலும் ஒன்றரை மீட்டர். ஆகவே அடுக்குதான் வழி, ஆகவே பின்னால் திரும்பிய பெட்டிதான் வழி, ஆகவே அதைத் தொடாதீர்கள்.

அக்கம்பக்கத்தார் புகார் வரும்போது காட்டப்படும் மீட்டரைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. வரம்பு ஏ-வெயிட்டிங் என்ற அளவுகோலில் எழுதப்பட்டிருக்கும். அந்த அளவுகோல் 63 ஹெர்ட்ஸ் ஒலியை 26 டெசிபல் குறைத்துக் காட்டும். சி-வெயிட்டிங் என்ற இன்னொரு அளவுகோலில் அதே ஒலிக்கு ஒரு டெசிபல்கூடக் குறையாது. மீட்டரில் ‘வரம்புக்குள் இருக்கிறோம்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேடைக்குப் பின்னால் ஜன்னல் கண்ணாடி நடுங்குவது இதனால்தான். சுவர் உயர் சுரங்களைத் தடுக்கும், பேஸைத் தடுக்காது. புகார் வந்ததும் பேஸை மொத்தமாகக் குறைக்கச் சொல்கிறீர்கள். பின்பக்கத்துக்குப் போகும் பேஸை மட்டும் குறைக்கும் ஒரே பெட்டியை மதியமே திருப்பி வைத்துவிட்டு, இரவில் எங்களிடம் வந்து குறைக்கச் சொன்னால் என்ன செய்வது?

கார்டியாய்டு எல்லாவற்றுக்கும் மருந்து என்றும் நாங்கள் சொல்லவில்லை. கூட்டத்துக்கு அப்பால் முன்பக்கம் இருக்கும் வீடுகளுக்கு இதனால் நன்மை இல்லை. இடம், வலம் என இரண்டு அடுக்கு வைத்தால் நடுவில் பேஸ் குவிந்து பக்கங்களில் பள்ளம் விழுவதையும் இது தீர்க்காது. அது வேறு வேலை. மேடையில் கிக் டிரம், அக்கூஸ்டிக் கிட்டார், டபுள் பேஸ் என்று திறந்த மைக் நிறைய இருக்கும் நிகழ்ச்சியில்தான் இதன் பலன் உடனே தெரியும்.

சற்றுக் கோபமாக எழுதிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். வேண்டுகோள் சிறியதுதான். மேடை வரைபடத்தில் சப்புக்குச் சதுரம் போடும்போது, பின்னால் ஒரு மீட்டரும் பக்கங்களில் 60 சென்டிமீட்டரும் சேர்த்து வரைந்து, அந்த இடத்தில் எதையும் வைக்கக்கூடாது என்று எழுதுங்கள். ஃப்ளைட் கேஸ்களுக்கு வேறு இடம் குறியுங்கள். மேடை ஆட்களுக்குக் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும்போது, பின்னால் திரும்பிய சப்பை ஒலிக் குழுவைக் கேட்காமல் நகர்த்தக்கூடாது என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். கனெக்டர் பலகை கேமராவில் உறுத்துகிறது என்றால் எங்களிடம் சொல்லுங்கள். கறுப்பு மெல்லிய துணி எங்களிடமே இருக்கிறது, போர்ட்டை இறுக்காமல் நாங்களே தொங்கவிடுகிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
மேடை ஒலி அமைக்கும் தொழில்நுட்பர்கள்