வீட்டுப் பணிப்பெண்ணுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் கிடையாதா?

ஆசிரியருக்கு,

இலங்கையில் தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயானது. நல்ல விஷயம்தான். ஆனால் எத்தனை தாமதம்! 2016இல் சட்டம் வந்தபோது 10,000, 2021இல் 12,500. 2022 செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டு, அரிசியும் பருப்பும் எட்டாத விலைக்குப் போனபோதும் அதே 12,500தான். 2024இல்தான் 17,500 ஆக்கினார்கள். சட்டத் திருத்தம் வரும்வரை தொழிலாளி காத்திருக்க வேண்டுமா? விலைவாசியைப் பார்த்து வருடாவருடம் தானாகவே திருத்தும் ஏற்பாடு வேண்டும்.

அதைவிட என்னை வதைக்கிற விஷயம் இன்னொன்று. அந்த 2016 சட்டம் வீட்டுப் பணியாளர்களைச் சேர்க்கவே இல்லை. ஹட்டன், தலவாக்கலைப் பக்கத் தோட்டங்களிலிருந்து கொழும்பு வீடுகளுக்குப் போகும் பெண்கள்தான் இதில் முதலில் அடிபடுகிறார்கள். விடியுமுன் எழுந்து தேநீர் போடுவதில் தொடங்கி, இரவு எல்லாரும் சாப்பிட்டபின் கடைசிப் பாத்திரத்தையும் கழுவிவிட்டு, குசினி மூலையில் பாய் விரிக்கிறார்கள். வேலை நேரம் என்று எங்கேயும் எழுதிவைப்பதில்லை. சம்பளம் வீட்டுக்காரர் மனது வைப்பதுதான்.

"சாப்பாடும் இடமும் தருகிறோமே" என்பார்கள். சரி, ஊரிலிருக்கும் அவள் பிள்ளைகளுக்கு யார் சாப்பாடு போடுவது?

தொழில் அமைச்சு இவர்களையும் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். எழுத்து மூல ஒப்பந்தம், வாரத்தில் ஒருநாள் விடுமுறை, ஊழியர் சேமலாப நிதி மூன்றும் கூடவே வேண்டும்.

ஒரு வாசகி,
ஹட்டன்