இறக்கையின் இடைவெளிக்குப் புட்டி பூசுவதற்கு முன்

பட்டர்வொர்த்,
பினாங்கு.

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். நீ செய்துகொண்டிருக்கும் சேபர் போர்விமானப் பிளாஸ்டிக் மாதிரியின் இடது இறக்கை உடற்பகுதியோடு சேரும் இடத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. அதைப் புட்டியால் நிரப்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் பதில். 1/48 அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது உண்மையான விமானத்தில் ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர். அந்த அகலத்துக்குப் புட்டி பூசினால் அது காயும்போது சுருங்கும், தேய்க்கும்போது ஓரம் உடையும். அதைவிட முக்கியமாக, அந்த இடைவெளி ஏன் வந்தது என்பது உனக்குத் தெரியாமலே போய்விடும்.

இந்த விமானம் நம் ஊருக்குப் பழக்கமானது. 1958 இறுதியிலிருந்து ஆஸ்திரேலிய விமானப்படையின் சேபர்கள் இதே பட்டர்வொர்த் தளத்திலிருந்துதான் பறந்தன. பிறகு மலேசிய விமானப்படையிலும் அவை இருந்தன. அமெரிக்க வடிவமைப்பில் ரோல்ஸ்ராய்ஸ் ஏவான் என்ஜினைப் பொருத்துவதற்காக ஆஸ்திரேலியர்கள் உடற்பகுதியின் பாதிக்கும் மேற்பட்டதை மாற்றி அமைத்து, மூக்கிலுள்ள காற்று நுழைவாயையும் பெரிதாக்கினார்கள். அதனால்தான் உன் பெட்டியில் பிளாஸ்டிக் உடலோடு ரெசின் என்ற வார்ப்புப் பிசினில் வார்த்த தனி மூக்கும் வந்திருக்கிறது. விமானத்தை வெள்ளி நிறத்தில் முடிக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். வெள்ளி வண்ணம் எந்தக் கீறலையும் மறைக்காது. மற்ற வண்ணங்களில் தப்பிவிடும் புட்டித் தழும்பு அதில் பளிச்சென்று தெரியும். ஆகவே இந்த ஒரு விமானத்திலாவது புட்டி கடைசி வழியாகவே இருக்கட்டும்.

கோளாறு இறக்கையில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. படத்தில் விமானியின் இருக்கைக்குப் பின்னால், முதுகுப்பக்கத்தில், உடலின் இரு பாதிகளும் முழுமையாக மூடவில்லை. உடலை இன்னும் ஒட்டவில்லை, டேப்பில்தான் நிற்கிறது என்று நீ எழுதியிருப்பது நல்லதாயிற்று. டேப்பைப் பிரித்து, உள்ளே எதுவும் வைக்காமல் இரு பாதிகளை மட்டும் சேர்த்துப் பார். தடையில்லாமல் மூடினால் பாதிகளில் குற்றமில்லை. பிறகு விமானி அறையை மட்டும் வைத்து மூடு. அதை எடுத்துவிட்டு, மூக்கின் நுழைவாயிலிருந்து உள்ளே செல்லும் காற்றுக் குழாயை மட்டும் வைத்து மூடு. கடைசியாக இரண்டையும் சேர்த்து வை. எந்தப் படியில் முதுகு விரிகிறதோ அங்கேதான் தடை. தடைப்படும் பாகத்தின் விளிம்பில் மார்க்கர் பேனாவால் மை தடவி, ஈரம் காய்வதற்குள் பாதிகளை அழுத்தி மூடித் திற. எதிர்ச்சுவரில் மை ஒட்டியிருக்கும் இடத்தைத்தான் சீவ வேண்டும். பெரும்பாலும் அது, பாகங்கள் பிணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பாகத்தை வெட்டியபோது எஞ்சிய சிறு முண்டாகவோ, ஒட்டும் விளிம்பில் ஏறிவிட்ட வண்ணமாகவோதான் இருக்கும்.

மூக்கில் வைக்கும் எடையையும் சந்தேகப்படு. மூக்குச் சக்கரம் உள்ள விமானம் என்பதால் முன்பக்கம் எடை இல்லாவிட்டால் வால் தரையில் உட்கார்ந்துவிடும். ஆனால் சேபரின் மூக்கில் பெரும்பகுதியைக் காற்றுக் குழாயே எடுத்துக்கொள்கிறது. தூண்டில் ஈயக் குண்டுகளைச் சுத்தியலால் தட்டையாக்கி, குழாய்க்கும் விமானி அறையின் தரைக்கும் இடையில் பரப்பி ஒட்டினால் இடம் போதும். ஈயத்தைத் தொட்ட பிறகு கையை நன்றாகக் கழுவிக்கொள்.

உடல் ஒழுங்காக மூடிய பிறகு, இறக்கையைப் பசையில்லாமல் பொருத்தி, ஓர் இறக்கை நுனியிலிருந்து மற்ற நுனி வரை மேற்புறமாக மாஸ்கிங் டேப்பை இழுத்து ஒட்டிப் பார். இறக்கைகள் சற்றே மேலெழும்போது இடைவெளி மூடிக்கொண்டால், குறை சாய்வுக் கோணத்தில் இருக்கிறது என்று பொருள். அப்போது முன்பக்க வரைபடத்தோடு ஒப்பிட்டு, கோணம் மிகாமல் பார்த்துக்கொண்டு, டேப்பின் இழுப்பிலேயே ஒட்டி இரவு முழுவதும் விட்டுவிடலாம். டேப்பால் மூடவில்லை என்றால் உடல்தான் குறுகலாக இருக்கிறது. சட்டத்தின் எஞ்சிய கோலில் ஒரு துண்டை வெட்டி, உடலுக்குள் இறக்கை அமரும் இடத்தில் குறுக்கே வைத்தால், அது இரு சுவர்களையும் வெளியே தள்ளி இடைவெளியை அடைக்கும். இந்தக் குறுக்குக்கோலை நான் மிகவும் நம்புகிறேன். அதன் நீளத்தை ஒவ்வொரு முறையும் முடியளவு தேய்த்துக் குறைத்துச் சரிபார்க்க வேண்டும். ஒரேயடியாக வெட்டிவிட்டால் வேறு கோல்தான் தேட வேண்டும். அதற்குப் பிறகும் கீற்றாக ஏதேனும் மிஞ்சினால் கால் மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டைச் செருகி, மெல்லிய பசையால் கரைத்து ஒட்டு. தகடும் விமானமும் ஒரே பாலிஸ்டைரின் என்பதால் இரண்டும் உருகி ஒன்றாகிவிடும். தேய்க்கும்போது ஒரே கடினத்தில் தேயும். புட்டியிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

ரெசின் மூக்கு வேறு வகை. பிளாஸ்டிக் பசை அதைக் கரைக்காது. சூப்பர் குளூவோ எப்பாக்சியோதான் வேண்டும். மூக்கு உடலைவிடச் சற்றுத் தடிமனாக இருந்தால், அடிப்பக்கத்தையும் பக்கங்களையும் சமமாகப் பொருத்திவிட்டு, மிஞ்சும் மேடு பள்ள வித்தியாசத்தை மேற்புறத்தில் மட்டும் விடு. எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ப்பதைவிட ஒரே பக்கத்தில் தேய்ப்பது எளிது. ரெசின் தூள் நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசம் அணிந்து, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்தே தேய்.

சூப்பர் குளூ காற்றிலுள்ள ஈரத்தால் இறுகும் பொருள். பினாங்கின் காற்றில் அது விரைவாகப் பிடித்துவிடுகிறது. ஹீட்டர் போட்ட உன் அறையில் காற்று வறண்டிருப்பதால் சற்றுத் தாமதமாகும், பொறுத்துக்கொள். இறுகியதும் மறுநாளைக்கு விடாமல் அன்றே தேய்த்துவிடு. நாள் கடந்தால் அது பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி, உப்புத்தாள் அதை விட்டுவிட்டுப் பக்கத்துப் பிளாஸ்டிக்கைத்தான் பள்ளமாக்கும். உடல் மூட்டுக்குப் போடும் மெல்லிய பசைக்கு இது நேர்மாறு: கரைப்பான் முழுவதும் வெளியேறச் சில நாள் விட வேண்டும். அவசரப்பட்டுத் தேய்த்தால், வண்ணம் பூசி வாரங்கள் கழித்து அந்த மூட்டு மெல்லிய பள்ளமாக மறுபடி தலைகாட்டும். ஜன்னலைக் குளிருக்குப் பயந்து மூடிவைத்துக்கொண்டு ஒட்டாதே, அம்மா. அந்த ஆவியை நீ சுவாசிக்கக் கூடாது.

தேய்த்த இடத்தில் பேனல் கோடுகள், அதாவது உலோகத் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கோடுகள், அழிந்திருந்தால், கெட்டியான டேப்பை ஓரமாக வைத்து ஊசியால் அழுத்தமில்லாமல் பலமுறை இழுத்து மீண்டும் வரைந்துகொள். பிறகு சாம்பல் நிறப் பிரைமரை (அடிப்பூச்சை) மெல்லியதாக அடித்துப் பார்த்தால், மிச்சமிருக்கும் குறைகள் தெரியும். விமானி அறையின் கண்ணாடி மூடியைக் கடைசியாகப் பொருத்து. அதன் அருகில் சூப்பர் குளூவைக் கொண்டுபோகாதே. அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே அங்கே போதும். சிறு இடைவெளி இருந்தாலும் அதையே நிரப்பி, ஈரத் துணியால் வழித்துவிடலாம்.

அன்புடன்,
அப்பா