போதை மறுவாழ்வு மையங்களை நடத்துவோருக்கும் அங்கே வந்துபோகும் மருத்துவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

டாபென்டடால் போன்ற வலிநிவாரணி மாத்திரைகளைப் பொடித்துக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொண்ட இளைஞர்களைத் தமிழ்நாட்டு மறுவாழ்வு மையங்களில் சேர்க்கிறார்கள். ஹெராயின் பழக்கத்தோடு வருவோரும் உண்டு. இவர்களைக் குடிநோயாளிகளுக்கென்று வகுத்த அதே முறையில் வைத்திருந்து அனுப்புவதை நிறுத்துங்கள் என்று கேட்கவே இம்மடல்.

குடியை நிறுத்தும் முதல் வாரம்தான் அபாயமானது. வலிப்பும் மனக்குழப்பமும் உயிரைப் பறிக்கலாம். ஹெராயினும் இந்த மாத்திரைகளும் சேர்ந்த ஓபியாய்டு (அபினைப் போல வேலை செய்யும் மருந்து) வகையில் கதை தலைகீழ். வாந்தி, பேதி, எலும்பைப் பிழியும் வலி என்று அந்த வாரம் நரகமாக இருக்கும். ஆனால் நீரிழப்பைக் கவனித்துக்கொண்டால் அதனால் இறப்பவர் அரிது. சாவு வருவது வீடு திரும்பிய பின்னான முதல் வாரங்களில். உள்ளே இருந்த நாட்களில் உடல் தன் தாங்குதிறனை இழந்துவிடுகிறது, மூளையின் ஏக்கம் மட்டும் அப்படியே நிற்கிறது. ஒரே ஒரு நாள் மனம் தடுமாறிப் பழைய அளவையே ஏற்றினால் மூச்சு நின்றுபோகும். சிறையிலிருந்து விடுதலையானவர்களிடமும் இதையே காண்கிறோம். ஆகவே, மருந்தில்லாமல் முப்பது நாள் வைத்திருந்து ‘சுத்தமாகிவிட்டான்’ என்று அனுப்பிவைப்பது, சேர்த்த நாளில் இருந்ததைவிடப் பெரிய அபாயத்தில் அவனை விடுவதாகும்.

இதைத் தடுக்கும் மருந்துகள் நம்மிடம் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் மெத்தடோனையும் புப்ரெனார்ஃபினையும் 2005-இலேயே இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. இவற்றில் நீடிப்போரின் இறப்பு விகிதம், பாதியில் விட்டவர்களோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவு. உங்கள் மையங்களுக்குப் பொருந்துவது, ஓபியாய்டின் வேலையை முறிக்கும் நாலோக்சோன் சேர்ந்த புப்ரெனார்ஃபின். புப்ரெனார்ஃபின் மூளையில் ஓபியாய்டு போய் ஒட்டும் இடங்களான ஏற்பிகளை இறுகப் பற்றிக்கொள்ளும், ஆனால் அரைகுறையாகவே தூண்டும். அதனால் ஓர் அளவுக்கு மேல் மூச்சை அடக்காது. நாக்கின் அடியில் வைத்தால் நாலோக்சோன் பெரும்பாலும் உடலில் சேராது. கரைத்து ஊசியில் ஏற்றப் பார்த்தால்தான் அது வேலையைக் காட்டும்.

தொடங்கும் நேரத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. கடைசியாக ஹெராயினோ சாதாரண ஓபியாய்டு மாத்திரையோ எடுத்து 12 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். மெதுவாக வெளிவிடும் மாத்திரை என்றால் 24 மணி நேரம், மெத்தடோன் என்றால் இன்னும் கூடுதலாக. மணிக்கணக்கை மட்டும் நம்பாதீர்கள். நாடித்துடிப்பு, கண்மணியின் விரிவு, கொட்டாவி, மயிர்க்கூச்செறிதல் உட்பட 11 வித்ட்ராயல் (போதை நின்றதும் உடல் படும் அவதி) அறிகுறிகளுக்கு மதிப்பெண் போடும் கௌஸ் (COWS) அளவுகோலில் 12-ஐ ஒட்டி வந்த பிறகு 2 அல்லது 4 மி.கி. கொடுங்கள். ஒன்றிரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு, தேவைக்கேற்ப முதல் நாளில் 8 மி.கி. வரை போகலாம்.

வித்ட்ராயல் வருவதற்கு முன்பே அவசரப்பட்டுக் கொடுத்தால், ஏற்பிகளில் இருக்கும் ஓபியாய்டைப் புப்ரெனார்ஃபின் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். அரை மணியில் நோயாளி துடித்துப்போவார். ‘இந்த மாத்திரை அவனுக்கு ஒத்துக்கல’ என்று குடும்பம் சொல்லும். மையமும் அதை ஏற்று நிறுத்திவிடும். நிறுத்தாதீர்கள். நடந்ததை விளக்கிச் சொல்லி, ஒன்றிரண்டு மணிக்கொரு முறை 2 மி.கி. சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். நடுக்கத்துக்கும் வியர்வைக்கும் குளோனிடின் 0.1 மி.கி. உதவும், ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டே கொடுங்கள்.

மாத்திரையை வைக்குமுன் ஒரு மிடறு தண்ணீரில் வாயை நனைக்கச் சொல்லுங்கள். நாக்கின் அடியில் ஐந்து, பத்து நிமிடம் கரையட்டும். விழுங்கிவிட்டால் கல்லீரல் அதைச் சிதைத்துவிடும், பலன் சொற்பமே. கரைந்தபின் வாய் கொப்பளித்து, ஒரு மணி நேரம் கழித்தே பல் துலக்க வேண்டும். பற்சிதைவு வராமலிருக்க இது.

அடுத்த தவறு, அளவில் காட்டும் கஞ்சத்தனம். 0.4 மி.கி. மாத்திரையை வேளைக்கு ஒன்றாக இரு வேளை கொடுத்துவிட்டு ‘மருந்து கேட்கவில்லை’ என்பது சரியல்ல. அது 0.8 மி.கி. மட்டுமே. தினசரி 8 முதல் 16 மி.கி. வரை பலருக்குத் தேவைப்படும். சிலருக்கு அதைவிடக் குறைவு போதும், சிலருக்கு 24 வரை போக வேண்டிவரும். 2 மி.கி. மாத்திரையை இருப்பில் வையுங்கள். இரவில் ஏக்கமும் வியர்வையும் திரும்பினால், நோயாளி நடிக்கிறார் என்று நினைக்குமுன் அளவைக் கூட்டிப் பாருங்கள்.

‘ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?’ என்று பெற்றோர் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான், பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். ஹெராயின் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். அடுத்த ஊசியைத் தேடியே அவன் பொழுது கழியும். சரியான அளவில் புப்ரெனார்ஃபின் ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் ஒரு நாள் முழுக்க நிற்கும். அவன் வேலைக்குப் போகலாம், நன்றாகத் தூங்கலாம்.

ஓபியாய்டு வேலை செய்யாமல் ஏற்பிகளை அடைத்துவிடும் நால்ட்ரெக்சோன் மாத்திரையைத் தருவோருக்கு ஒரு வார்த்தை. கடைசி ஓபியாய்டுக்குப் பின் 7 முதல் 10 நாள் கடக்காமல் கொடுத்தால் கடும் வித்ட்ராயல் வரும். வீட்டில் மாத்திரையை விட்டுவிட்டால் தாங்குதிறனும் இல்லை, காப்பும் இல்லை. கர்ப்பிணிகளுக்குப் புப்ரெனார்ஃபினையோ மெத்தடோனையோ நிறுத்தும் முயற்சியே வேண்டாம், தொடருங்கள்.

டயஸிபாம், லோராஸிபாம் போன்ற தூக்க, பதற்ற மருந்துகளைப் புப்ரெனார்ஃபினோடு தாராளமாகச் சேர்க்காதீர்கள். மூச்சடங்கும் அபாயம் அந்தக் கலவையில்தான். ஊசி போட்டவர் எல்லோருக்கும் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனை செய்யுங்கள். ஹெபடைட்டிஸ் சி மருந்து 2018-இல் தொடங்கிய தேசிய கல்லீரல் அழற்சித் தடுப்புத் திட்டத்தில் இலவசம். யாரையும் சங்கிலியால் பிணைக்காதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அதை முற்றாகத் தடை செய்கிறது.

எத்தனை நாள் மருந்து? உங்கள் கட்டணத் தொகுப்பு முடியும் நாளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஓராண்டுக்குக் குறைவாக யோசிக்காதீர்கள். பலருக்குப் பல ஆண்டுகள். நோயாளியே விரும்பிக் குறைக்கக் கேட்டால், சில வாரங்களுக்கு ஒருமுறை 2 மி.கி. வீதம் இறக்குங்கள். ஏக்கம் திரும்பினால் பழைய அளவுக்கே போய்விடுங்கள்.

வெளியேறும் நாளில் அவர் கையில் அடுத்த மருந்து எங்கே, எந்தத் தேதியில் என்று எழுதிய சீட்டு இருக்க வேண்டும். வீட்டாரிடம் மருத்துவர் சீட்டோடு 0.4 மி.கி. நாலோக்சோன் ஊசியைக் கொடுத்து, தசையில் போடக் கற்றுக்கொடுங்கள். உதடு நீலம் பாரித்து, மூச்சு இழுத்து இழுத்து வந்தால் முதலில் 108-ஐ அழைக்க வேண்டும். ஊசி போட்டு, வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் அசைவில்லையென்றால் இன்னொன்று. கண் விழித்துவிட்டாலும் தனியே விடக்கூடாது. நாலோக்சோனின் வேலை 30 முதல் 90 நிமிடம்தான். உள்ளே போன ஓபியாய்டு அதன் பிறகும் இருக்கும்.

இப்படிக்கு,
போதை சிகிச்சைப் பணியில் இருக்கும் மருத்துவர்களும் செவிலியர்களும்