டப்பா திரும்பி வந்ததற்குக் கோபப்படாதே

அம்மாப்பேட்டை, சேலம்.

அன்புள்ள கண்ணு,

நேற்று இரவு நீ போனில் பேசியதை உன் அப்பாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நீ வைத்ததும், “பிள்ளை நம்முடையது, பணம் கட்டுவது நாம். என்ன கொடுத்தனுப்புவது என்று குழந்தைகள் காப்பகத்துக்காரி முடிவு செய்வதா?” என்று உன் கட்சிக்கே பேசினார். நான் பதில் சொல்லவில்லை. உன்னிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் பாதியில் “சரிம்மா, மீட்டிங்” என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. மடித்துப் போட்டாலும் மறுபடி கண்ணில் படும்.

நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் நடந்தது இதுதான். காலையில் உன் மகன், நம்ம தம்பி, இட்லியைத் தொடவில்லை, உனக்கு நேரமாகிவிட்டது. முதல் நாள் இரவு வாங்கியதில் மீந்திருந்த சிக்கன் நக்கெட்டையும் உருளைக்கிழங்கு வறுவலையும் சூடாக்கி, ஓரத்தில் மயோனைசும் வைத்து அனுப்பினாய். சாயங்காலம் டப்பா அப்படியே திரும்பி வந்தது, கூடவே ஒரு சீட்டு: இந்த மாதிரி உணவை இங்கே கொடுப்பதில்லை, சாம்பார் சாதம் கொடுத்தோம். அதையும் மற்ற தாய்மார்கள் நிற்கும்போது வாசலில் வைத்து உன் கையில் கொடுத்தார்கள். உனக்குச் சுருக்கென்றிருக்கும். எனக்கும் இருந்திருக்கும். நாலு பேர் முன்னால் கொடுத்தது அந்தக் காப்பகத்து அம்மா செய்த தவறு, அதை அவர்களிடமே சொல். ஆனால் டப்பாவைத் திறக்காமல் வைத்தது சரி என்றுதான் எனக்குப் படுகிறது.

நீ ஒரு டப்பாவைப் பார்க்கிறாய். அந்த அம்மா ஒரு பந்தியைப் பார்க்கிறார். ஏற்காட்டில் நான் பால்வாடி டீச்சராக இருந்தபோது அந்தப் பந்திதான் என் நாளின் பெரும் பாடு. நீயும் அதில் உட்கார்ந்து சாப்பிட்டவள், உனக்கு நினைவிருக்காது. பாயில் வரிசையாக உட்கார்ந்து, தட்டில் சாதம், பருப்பும் கீரையும் போட்ட சாம்பார், முட்டை நாளென்றால் ஒரு முட்டை. மஞ்சள் கருவைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுக் கடைசியில் வாயில் போடுகிற பிள்ளை ஒன்று, வெள்ளையைப் பக்கத்துத் தட்டுக்குத் தள்ளுகிற பிள்ளை ஒன்று. எப்படியோ கைகள் வாய்க்குப் போய்க்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஒரு மூலையில் பாக்கெட் கிழிகிற சத்தம் கேட்டால் போதும். அத்தனை தலையும் திரும்பும். பிசைந்த சோறு கையிலேயே நிற்கும். அப்புறம் யாரும் சாப்பிட மாட்டார்கள். அந்த ஒரு பிள்ளையும் குழாய் அப்பளத்தை விரல்களில் மாட்டிக்கொண்டு கடித்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடும். மிச்சத்தையெல்லாம் ஆயா வழித்து எடுப்பாள்.

1982-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது ஊரில் பேச்சு, பிள்ளைகளுக்கு வயிற்றுக்கு இல்லையே என்பது. நான் வேலை பார்த்த கடைசிக் காலத்தில் வயிற்றுக்கு இருந்தது, வாய்க்குத்தான் பிடிக்கவில்லை. எடை மிஷினில் நிறுத்தும்போது தெரியும். வீட்டில் காசு புழங்குகிற பிள்ளையும் சில சமயம் எடை ஏறாமல் நிற்கும். காலையிலிருந்து பிஸ்கட்டும் பாக்கெட்டும்தான் உள்ளே போயிருக்கும்.

காபிப் பழம் பறிக்கப் போகிற ஒருத்தி தினமும் பையன் கையில் அப்படி ஒரு பாக்கெட்டோடு வருவாள். ஒரு நாள் நிறுத்திக் கேட்டேன். “நான் வளைவு தாண்டுகிறவரை இவன் அழக்கூடாது டீச்சர். அழுகிற சத்தம் கேட்டால் எனக்கு நடக்க வராது. அதற்குத்தான் வாங்கித் தருகிறேன்” என்றாள். அதற்கு மேல் அவளிடம் சத்தைப் பற்றியா பாடம் நடத்துவது? ஆயா மறுநாளிலிருந்து வாசலிலேயே பையனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பின்பக்கம் அடைகாக்கிற கோழியைக் காட்டக் கூட்டிப்போனாள். பாக்கெட்டைப் பரண் மேல் வைத்தோம். சாப்பிட்ட பிறகு, வீட்டுக்குப் போகும்போது. சாயங்காலம் வந்தால் அன்றைக்கு எத்தனை பிடி சாப்பிட்டான் என்று அவளிடம் சொல்வோம். கொஞ்ச நாளில் பாக்கெட் சந்தை நாளோடு நின்றது. அழுகை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் நீடித்தது.

உனக்கும் அப்படி ஒரு காரணம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். “பட்டினி கிடப்பதற்கு இதையாவது சாப்பிடட்டுமே” என்றாய். பெற்றவளுக்கு அந்தப் பயம் வரும். ஆனால் மூன்றரை வயதுப் பிள்ளை ஒரு வேளை சாப்பிடாவிட்டால் அடுத்த வேளை பசித்துச் சாப்பிடும். புதிதாக ஒன்றைத் தட்டில் பார்த்தால் பத்துப் பதினைந்து முறைகூட வேண்டாம் என்றுவிட்டுத்தான் வாயில் வைக்கும். அதற்குள் நாம் பொறுமை இழந்து வறுவலை நீட்டினால், அழுத்தமாக வேண்டாம் என்றால் இது வரும் என்பதைக் கற்றுக்கொள்கிறது. பிள்ளைகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

இன்னொன்று. அந்த மயோனைஸ். பச்சை முட்டையில் செய்த மயோனைசுக்குத் தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டார்களே, ஏன்? அதில் சால்மோனெல்லா மாதிரியான கிருமி வளர்ந்து வயிற்றைக் கெடுக்கும் என்றுதான். நீ வைத்தது முட்டையில்லாத பாட்டில் சரக்காகவே இருக்கலாம். மதியம் டப்பாவைத் திறக்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? முதல் நாள் கோழி, காலையில் ஒரு சூடு, மூடிய டப்பாவில் நாலு மணி நேரம். மூன்று மணிக்குத் தம்பி வாந்தி எடுத்தால் நீ முதலில் யாரைக் கேட்பாய்? மாப்பிள்ளை வாங்கி வருகிற கோபி மஞ்சூரியனுக்கும் இதைத்தான் சொல்வேன். அதன் சிவப்புக்கு ரசாயனச் சாயம் போடக் கூடாது என்று உங்கள் கர்நாடக அரசே 2024 மார்ச்சில் உத்தரவு போட்டது. உத்தரவு போட்டால் எல்லாக் கடையிலும் சாயம் நின்றுவிடுமா என்ன.

உடனே நீ தட்டுவடை செட்டை எடுப்பாய் என்று தெரியும். போன விடுமுறையில் உன் அப்பா, தம்பியின் அப்புச்சி, அவனைக் கடைவீதிக்குக் கூட்டிப்போய் வாங்கிக் கொடுத்ததற்கு நீ போட்ட சண்டை எனக்கு மறக்குமா? வாயெல்லாம் பீட்ரூட் சிவப்போடு வந்து நின்றான். உன் அப்பாவின் வாதம், அது நம்ம ஊர்ப் பண்டம், இரண்டு தட்டுவடைக்கு நடுவே கேரட்டும் வெங்காயமும் கண்ணெதிரே துருவிப் போடுகிறார்கள், கடையில் உறைந்து கிடந்த கோழியும் அதுவும் ஒன்றா என்பது. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். இரண்டு தட்டுவடையும் எண்ணெயில் பொரித்தவை. எத்தனை முறை காய்ந்த எண்ணெய் என்று கேட்டால் வண்டிக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். பச்சைச் சட்னி எந்தத் தண்ணீரில் அரைத்தது என்றும் தெரியாது. நம்ம ஊரில் பிறந்துவிட்டதால் மட்டும் எண்ணெய் சாந்தமாகிவிடாது. அன்று நீ கோபப்பட்டதும் சரி, இன்று அந்த அம்மா மறுத்ததும் சரி. அன்று பார்த்துக்கொண்டது நாங்கள், சட்டம் போட்டது நீ. இன்று சட்டம் போட்டது அவர்கள் என்பதுதான் உன்னைக் குத்துகிறது.

அடியோடு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். தம்பியை ஊரில் நடக்கிற பிறந்தநாள் விழாவுக்கெல்லாம் அனுப்பாமல் இருக்க முடியுமா? இந்தியக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டலில்கூட, இந்த மாதிரித் தீனியை முடிந்தவரை தவிர்க்கவேண்டும், கொடுத்தால் வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் போகக் கூடாது என்றுதான் இருக்கிறது. அந்த ஒரு முறையை நீங்கள் இருவரும் உட்கார்ந்து அவனோடு சாப்பிடுகிற ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். “சாதத்தை முடித்தால் பர்கர்” என்று மட்டும் பேரம் பேசாதீர்கள். மாப்பிள்ளைக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது, நானே பார்த்தேன். சாதத்தை ஏதோ கஷாயம் மாதிரி ஆக்கிவிடுகிறது அது.

இப்போது நீ செய்ய வேண்டியது. உன் காப்பகம் ஆபீஸ் ஏற்பாடு செய்தது என்றாய். 2017-இல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் காப்பக வசதி இருக்கவேண்டும், தாய் ஒரு நாளைக்கு நாலு முறை போய்ப் பார்த்துவரலாம். சலுகையாகக் கேட்க வேண்டியதே இல்லை. நீ எத்தனை முறை போயிருக்கிறாய்? சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாள் போ. தம்பி பார்க்காத இடத்தில் நின்று பார். உன்னிடம் வேண்டாம் என்கிற அதே சாம்பார் சாதத்தை அங்கே பக்கத்துப் பையனைப் பார்த்து வழித்துச் சாப்பிடுவான் என்றுதான் நினைக்கிறேன். சாப்பிடாவிட்டால் அதையும் நீ பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது.

பிள்ளைகள் கிளம்பிய பிறகு அந்த அம்மாவோடு கொஞ்சம் உட்கார். எதை அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது என்று கேள். காலையில் சாப்பிடாமல் வந்தால் பத்து மணிக்கு ஏதாவது கொடுப்பார்களா என்று கேள். அதோடு, நாலு மணிக்கு அவர்கள் என்ன கொடுக்கிறார்கள் என்றும் கேள். எல்லா ஆயாக்களும் தெய்வமில்லை. அழுகிற பிள்ளைக்குக் கிரீம் பிஸ்கட்டைப் பிரித்துக் கொடுத்துக் கையில் செல்போனையும் திணிக்கிற காப்பகங்களைப் பற்றி நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். உன் டப்பாவுக்குச் சட்டம் வைக்கிறவர்கள் தங்கள் அலமாரியையும் திறந்து காட்டவேண்டும். அதைக் கேட்க உனக்கு உரிமை உண்டு. இதையெல்லாம் தம்பி காதில் விழாமல் பேசுங்கள். அம்மாவுக்கும் ஆயாவுக்கும் சண்டை என்று தெரிந்துவிட்டால், யாரிடம் எதைக் கேட்டால் கிடைக்கும் என்று அவனே கணக்குப் போட்டுக்கொள்வான்.

பக்கத்து வீட்டுப் பையன் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் அங்கே வருகிறான். முளைகட்டிய ராகி, வறுத்த கோதுமை, பொட்டுக்கடலை போட்டுச் சத்துமாவு அரைத்து வைத்திருக்கிறேன். வெல்லப்பாகில் உருட்டினால் காலையில் அவசரத்துக்கு ஆகும், நெய் கொஞ்சமாக ஊற்று. இரண்டு பொட்டலம் இருக்கும். ஒன்றை அந்த அம்மாவிடம் கொடு. சமாதானத்துக்கு என்று சொல்லாதே, ஊரிலிருந்து வந்தது என்று சொல்.

மே மாதம் நீங்கள் வரும்போது அப்புச்சி மறுபடி கடைவீதிக்குக் கிளம்புவார். வாரத்துக்கு ஒரு செட், அதுவும் உன்னிடம் கேட்டுவிட்டு என்று சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். நீயும் அந்த வாரம் பீட்சா என்று ஆரம்பிக்காதே.

அன்புடன்,
அம்மா