ஆறு உறையாத இடம்

அன்புள்ள கார்த்தி,

நேற்று அப்பாவும் நானும் இங்கே மின்னசோட்டாவில் இருக்கும் மான்டிசெல்லோவுக்கு அன்னம் பார்க்கப் போனோம். நீ மிடில் ஸ்கூல் போனபின் அந்தப் பக்கமே போகவில்லை. பூஜ்யத்துக்குக் கீழே எட்டு டிகிரி. மப்ளரில் மூச்சு பட்ட இடமெல்லாம் பனி. மிசிசிப்பி மட்டும் அங்கே உறையாமல் ஆவி பறக்க ஓடுகிறது. ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் அணுமின் நிலையத்திலிருந்து சுடுதண்ணீர் வருகிறதே, அதனால்தான். அந்த ஆவிக்குள் நூற்றுக்கணக்கில் ட்ரம்பெட்டர் அன்னங்கள்.

தீனி நேரம் நெருங்கியதும் எல்லாம் கரையோரம் நெருக்கியடித்துக்கொண்டு குரல் கொடுக்கத் தொடங்கின. பழைய லாரி ஹாரன் மாதிரி இருக்கும் என்று காதைப் பொத்திக்கொள்வாயே, அதே சத்தம். மக்காச்சோளம் விழுந்ததும் சட்டென்று அடங்கிவிட்டது.

ஷீலா லாரன்ஸ் ஞாபகம் இருக்கிறதா? அங்கே ஆற்றங்கரையில் தன் வீட்டுப் பின்புறம் வாத்துகளுக்குச் சோளம் போட்டுக்கொண்டிருந்தவர். 1980களின் கடைசியில் சில அன்னங்களும் வந்து சேர, அவற்றுக்கும் போட்டார். குளிர்காலம் முழுக்க, ஒரு நாள் தவறாமல். 2011இல் அவர் இறந்தபின் கணவர் ஜிம் தொடர்ந்தார். இன்றைக்கு முடியவில்லை என்று சொல்ல முடியாத வேலை அது. உனக்கு டிபன் பாக்ஸ் கட்டிய வருஷங்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன.

இந்த வருஷக் குஞ்சுகள் சாம்பல் நிறம். முதல் குளிர்காலம் முழுக்கத் தாய் தகப்பனோடுதான் இருக்கும். ஒரு குடும்பத்தையே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு வெள்ளை, மூன்று சாம்பல். ஒரு குஞ்சு நீரோட்டத்தில் பின்தங்கிவிட்டது. பெரியதில் ஒன்று, தாயோ தகப்பனோ, தலையை மேலும் கீழும் ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டது. குஞ்சு வந்து சேரும்வரை மற்றவை நகரவில்லை. அப்பா காருக்குப் போகலாம் என்றார். எனக்குக் கால் வரவில்லை.

இறகுக்காகவும் இறைச்சிக்காகவும் வேட்டையாடியே மின்னசோட்டாவில் இந்த இனம் இல்லாமல் போனது. 1980களில் அலாஸ்காவிலிருந்து முட்டை கொண்டுவந்து, இங்கே பொரிக்கவைத்து வளர்த்தார்கள். நேற்றுப் பார்த்தவற்றில் பலவற்றுக்கு அதுதான் பூர்வீகம்.

உன் சியாட்டிலுக்கு வடக்கே ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் குளிர்காலத்தில் வயல்வெளியெங்கும் மேய்வதும் அலாஸ்காவிலிருந்து வரும் இதே அன்னங்கள்தான். காரில் ஒரு மணி நேரம்தான். ஒரு சனிக்கிழமை போய்விட்டு வாயேன். காதுக்குக் குல்லாய் போட்டுக்கொள். பிரெட் எதுவும் போடாதே, அவற்றுக்கு ஆகாது. சாம்பல் நிறத்தில் எத்தனை இருந்தன என்று எண்ணிவிட்டு அங்கிருந்தே எனக்கு போன் பண்ணு.

அம்மா